படியில்லாத வீடு

இரண்டு நிமிஷம் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்கள். தரை மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது, முதலில் நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று கணவர் தனசேகர் சொன்னார். கார்க் கண்ணாடியைப் பாதிக்கு இறக்கிவிட்டு, தண்ணீர்ப் பாட்டிலை வசுமதியின் மடியில் வைத்து, வெயில் படாமல் இருக்க முன்கண்ணாடிக்கு உட்புறம் அந்த வெள்ளி அட்டையை விரிக்கப் போனவர், வேண்டாம், எனக்குப் பார்க்கணும் என்று அவள் சொன்னதும் சரி சரி என்று அதைப் பின்சீட்டில் போட்டுவிட்டுப் போய்விட்டார். சக்கர நாற்காலி டிக்கியில் மடங்கிக் கிடந்தது. திருச்சியிலிருந்து மணிகண்டம் போகிற வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி, எல்லைக்கல் நட்ட மனைகளுக்கு நடுவில் இருந்த இந்தத் துண்டு நிலத்தில்தான் இன்றைக்கு அவளுக்கு ஒரு வீட்டைத் தரையில் வரையப் போகிறார்கள். அதைப் பார்க்கத்தான் அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இன்ஜினீயர் முபாரக் வரைபடத்தை கார் போனட் மேல் விரித்தார். காற்று விடவில்லை. ஆளுக்கொரு மூலையில் கை வைத்துப் பார்த்துச் சலித்து, கடைசியில் அவர் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, தனசேகரின் அக்கா ராஜாத்திக்கு விளக்கத் தொடங்கினார். வெயில் அவர்கள் பக்கத்திலிருந்து தாளின் மேல் விழுந்ததால் கோடுகள் எல்லாம் கண்ணாடி வழியே வசுமதிக்கும் தெரிந்தன, ஆனால் இடம் வலமாகி. சமையலறை இருக்க வேண்டிய இடத்தில் படுக்கையறை இருந்தது. எழுத்துகள் எல்லாம் திரும்பி நின்றன. ராஜாத்தியின் விரல் நிழலாக வந்து வசுமதியின் கட்டில் மேல் ஊன்றி, அங்கிருந்து நகர்ந்து, குளியலறைச் சுவரைத் தாண்டி, பூஜை அலமாரியில் போய் நின்றது. என்ன சொல்கிறார்கள் என்று பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. ஈசான்யம் என்பது கேட்டது. அப்புறம் மூவரும் தாளைச் சுருட்டிக்கொண்டு சுண்ணாம்புப் பொடி மூட்டை வைத்திருந்த ஆட்களிடம் போய்விட்டார்கள், ஒருவராவது திரும்பி, உனக்குச் சரிதானே என்று ஒரு தலையசைப்பாலாவது கேட்டிருக்கலாம்.

உனக்காகத்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். டியூஷனுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற அம்மாக்கள் சொல்கிறார்கள், கால்களை மடக்கி நீட்டிவிட வருகிற பிசியோதெரபிப் பெண் சொல்கிறாள், ராஜாத்தி வாரம் ஒருமுறை போனில் சொல்கிறாள். எந்த ஆம்பளை இப்படிச் செய்வான், சொல்லு? வசுமதியும் ஆமாம் ஆமாம் என்கிறாள். அதுதான் எரிச்சல், ஆமாம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கெட்டவன் மேல் கோபப்பட்டால் ஊரே துணைக்கு வரும். நல்ல மனிதர் மேல் எரிச்சல் வந்தால் சூடான போண்டாவை வாயில் அடக்கிக்கொண்டு சிரிக்கிற மாதிரி சிரிக்க வேண்டியதுதான். அவளுக்காகக் கட்டுகிற வீட்டின் முதல் படத்தில் வாசலுக்கு மூன்று படி இருந்தது. அவளுக்கு வழி பக்கவாட்டில், துணி துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு, சமையலறைப் பின்கதவு வழியாக. கேஸ் சிலிண்டர் உருட்டிக்கொண்டு வருகிற வழி, குப்பை வாளி வெளியே போகிற வழி. அந்த வழியாக நான் வரணுமா என்று கேட்டதற்கு, பின்னே முன்வாசலில் படியே இல்லாமல் எப்படிம்மா, நிலைப்படி இல்லாத வீட்டுக்கு மகாலட்சுமி எப்படி வருவாள் என்றாள் ராஜாத்தி. மகாலட்சுமிக்குப் படி ஏறினால்தான் வரத் தெரியுமா, சரிவில் வரத் தெரியாதா? இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது ஒரு மாதம் ஓடியிருக்கும். முபாரக்தான் அதற்கு ஒரு வழி கண்டார். வாஸ்துப் புத்தகம் படிக்காமல் இந்த ஊரில் ஒரு கழிவறைகூடக் கட்ட முடியாது மேடம் என்று அவர் ஒருமுறை அலுத்துக்கொண்டார். முன்னால் இருக்கிற மண்ணையே மெல்ல உயர்த்திக்கொண்டு வந்து நிலைக்குச் சமமாகச் சேர்த்துவிடலாம், நிலைப்படிக்குப் பதில் தரையோடு தரையாக ஒரு பித்தளைப் பட்டை பதித்துவிடலாம், அக்கா அதற்கு மஞ்சள் பூசிக்கொள்ளலாம் என்றார். ராஜாத்தி இரண்டு ஜோசியரைக் கேட்டாள். ஒருவர் கூடாது என்றார், ஒருவர் பித்தளை என்றால் பரவாயில்லை என்றார். வீட்டுக்குள் முன்வாசல் வழியாக வர வசுமதிக்குக் கிடைத்த அனுமதி அந்த இரண்டாவது ஜோசியர் கொடுத்தது.

முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டு வியர்த்தது. இடுப்புக்கு மேலே வியர்ப்பது தெரிகிறது, கீழே வியர்க்கிறதா என்று கையால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். கதவின் கைப்பிடியில் ஒரு கையும் இருக்கையில் ஒரு கையும் ஊன்றி உடம்பைத் தூக்கி, சற்று வைத்திருந்து, இறக்கினாள். அடிக்கடி இப்படித் தூக்கவில்லை என்றால் புண் வந்துவிடும், அது கிடக்கட்டும். கால் பக்கம் ஒரு கட்டெறும்பு செருப்பின் வாரில் ஏறி, பெருவிரல் மேல் ஏறி நின்றது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடித்ததோ என்னவோ. மடியில் இருந்த பாட்டிலைத் திறக்கவில்லை. தண்ணீர் குடித்தால் அடுத்து என்ன என்று அவருக்குத் தெரியாதா, தெரியும், தெரிந்தும் மறந்துவிட்டு அன்பாக மடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சமையல் மேடையிலும் இதே கதைதான். மேடை தாழ்வாக இருக்க வேண்டும், கீழே முழங்கால் போக இடம் வேண்டும் என்று அவள் சொன்னபோது எல்லாரும் தலையாட்டினார்கள். முபாரக் அளவு எடுத்தார். அப்போது ராஜாத்தி, இவ்வளவு தாழ்வா வைத்தால் மற்றவர்கள் நின்று சமைக்கும்போது முதுகு ஒடிந்துபோகுமே என்றாள். எந்த மற்றவர்கள்? மகள் ஆதிரைக்குச் சுடுதண்ணீர் வைக்கத் தெரியும், அவருக்கு முட்டை வேக வைக்கத் தெரியும். இதற்கு முதுகு ஒடியாது. அன்றைக்கு யாரும் அதற்கு மேல் பேசவில்லை. அதனாலேயே அந்தக் கேள்வி அவளுக்குள் கிடந்து, நீட்டி நிமிர்ந்து, ஒரு பெண்ணாகவே ஆகிவிட்டது. உயரமான பெண். இவளுக்குப் பிறகு இந்த வீட்டுக்கு வரப்போகிறவள். தாழ்ந்த மேடையில் குனிந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டே, அய்யோ இந்த மேடை என்று இடுப்பைப் பிடித்துக்கொள்கிறவள். சில நாள் வசுமதிக்கு அவள்மேல் பரிதாபமாகக்கூட இருந்தது. சில நாள், நல்லா ஒடியட்டும் என்று இருந்தது.

முபாரக் இதற்கு முன்னால் இந்த மாதிரி ஒரே ஒரு வீடுதான் கட்டியிருக்கிறார், ஸ்ரீரங்கத்தில் ஒரு பெரியவருக்கு. முதல் நாள் அதைத்தான் தன் தகுதியாகச் சொன்னார். கைப்பிடி, அகலக் கதவு, வழுக்காத டைல்ஸ் எல்லாம் படம் காட்டினார். இப்போது அவர் எப்படி இருக்கிறார் என்று வசுமதி கேட்டாள். கிரகப்பிரவேசத்துக்கு முன்னாடியே தவறிட்டார் மேடம், ஆனா வீடு ரொம்ப நல்லா வந்துச்சு என்றார். ஆதிரையிடம் இதைச் சொல்லி இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அப்புறம் தனியாக இருந்தபோது வசுமதிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சரிவில் இப்போது பேரப்பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருப்பார்கள். கைப்பிடியில் ஈரத்துண்டு காயும். பெரியவர் நினைவாக விட்டு வைத்திருப்பார்கள், அல்லது அறுத்து எடுக்க ஆள் கிடைத்திருக்காது. வீடு கட்டி முடிகிற வரைக்கும் நான் இருக்க வேண்டும். இருந்துவிட்டால் அதற்கப்புறம் வேறு பயம். படியில்லாத வீடு என்று ஒன்றைக் கட்டிக் குடிபோய்விட்டால், இனி ஏறப்போவதில்லை என்று சிமெண்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி. டாக்டர் இன்னும் பார்க்கலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருடைய 'பார்க்கலாம்' வருஷா வருஷம் சன்னமாகிக்கொண்டே வருகிறது, ஆனால் இல்லை என்று அவர் சொன்னதில்லை. ஒரு காய்ச்சல், அவ்வளவுதான். சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போனாள், பிளஸ் டூவுக்குக் கணக்குப் பதிவியல் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸிலிருந்து இறங்க எழுந்தாள், கால்கள் எழவில்லை. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, இறங்கும்மா இறங்கு என்கிறார், பின்னால் ஒரு கூடைக்காரம்மா இடிக்கிறாள், வசுமதி கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், ஏன் சிரித்தாளோ, ஸ்டாப்பைத் தாண்டிப் போகிற ஒரு ஆள் சிரிக்கிற அசட்டுச் சிரிப்பு. முதுகுத் தண்டில் வீக்கம் என்று அப்புறம் பெயர் வைத்தார்கள். ஆதிரை அப்போது எட்டாம் வகுப்பு. இப்போது கல்லூரிக்குப் போகிறாள்.

எட்டாம் வகுப்புப் பெண் கல்லூரிப் பெண் ஆனது பெரும்பாலும் வசுமதியின் தலைக்கு மேலேதான் நடந்தது. இப்போது இருக்கிற வாடகை வீட்டில் கீழே ஹாலும் சமையலறையும் ஒரு படுக்கையறையும். உள்ளே படி ஏறினால் ஆதிரையின் அறை, அதற்கு மேலே மொட்டை மாடி. வேறு வீடு பார்க்காமலா இருந்தார்கள்? தரைத்தளத்தில் எல்லாம் இருந்தால் வாசலில் ஐந்து படி இருக்கும், வாசல் சரியாக இருந்தால் கழிவறைக் கதவில் நாற்காலி நுழையாது. ஹாலில் பிள்ளைகளுக்குப் பற்றும் வரவும் சொல்லிக்கொடுத்துக்கொண்டே மேலே நடப்பதைக் காதால் பார்க்கப் பழகிக்கொண்டாள். குதிகால் அழுந்தினால் அவர். தரையைத் தேய்த்துக்கொண்டு போனால் ஆதிரை. கட்டில் நகர்கிற சத்தம், ஜன்னல் கொக்கி, போனில் அடக்கிச் சிரிக்கிற சத்தம். ஒருமுறை ஆதிரையின் பிறந்தநாளுக்கு, நான் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று தனசேகர் அவளைக் கையில் ஏந்திக்கொண்டு படியேறினார். திருப்பத்தில் அவள் கால் சுவரில் இடித்தது, இடித்த சத்தம்தான் அவளுக்குத் தெரிந்தது. மேலே போய் இறக்கி வைத்ததும் அவள் பார்த்தாள், அறையின் ஒரு சுவர் முழுக்க நீலம். அடர்ந்த, மயில் கழுத்து நீலம். எப்ப அடிச்சே என்று கேட்டாள். போன தீபாவளிக்கும்மா, உனக்குத் தெரியாதா என்றாள் ஆதிரை. அவள் மறைக்கவில்லை. தனசேகரும் மறைக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். கேக் வெட்டினார்கள். அவள் நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயின்ட் வாசனை கீழே வரவில்லையா, வந்திருக்கும், பக்கத்து வீடு என்று நினைத்திருப்பாள். இறங்கும்போது தனசேகருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, அதற்கப்புறம் தூக்கவில்லை. அந்தச் சுவர் இப்போதும் நீலமாக இருக்கிறதா என்றுகூட அவளுக்குத் தெரியாது. கேட்டால் சொல்வாள். கேட்கிறதுதான் எரிச்சல். வீடு கட்டலாம் என்ற பேச்சு வந்த அன்றைக்கு வசுமதி கேட்டது ஒன்றே ஒன்று, எல்லாம் ஒரே தரையில் இருக்க வேண்டும், மேலே எதுவும் இருக்கக் கூடாது. அதையும் உடனே ஒத்துக்கொண்டார்கள். தண்ணீர்த் தொட்டி கழுவ மட்டும் ஒரு இரும்பு ஏணி, பின்பக்கச் சுவரோடு.

ஆட்கள் கயிற்றைக் கட்டி, கயிற்றோரமாகப் பொடியைக் கொட்டிக்கொண்டே போனார்கள். காய்ந்த செம்மண்ணில் வெள்ளைக் கோடு பளிச்சென்று விழுந்தது. இந்தப் பெரிய சதுரம் ஹால். அங்கே மேற்குப் பார்த்து ஆதிரையின் அறை, ஹாலிலிருந்து கதவு. இவ்வளவு சின்னதா சமையலறை? வெறும் தரையில் போட்டால் எல்லாம் சின்னதாகத்தான் தெரியும் என்று முபாரக் முன்பே சொல்லியிருந்தார். ராஜாத்தி பூஜை இடத்தில் நின்றுகொண்டு, முந்தானையால் தலையை மூடியபடி சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். வசுமதி கழுத்தை நீட்டினாள். தென்மேற்கு மூலையில், வீட்டுச் சுவருக்கு வெளியே, ஒரு ஆள் குனிந்து குறுக்குக் குறுக்காகக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். ஒன்றை அடுத்து ஒன்று, சீப்புப் பல் மாதிரி. அது என்ன? தண்ணீர்த் தொட்டியா? தொட்டிக்கு எதற்குப் பல்? அவள் மறுபடி வரைபடத்தை நினைவுக்குக் கொண்டுவந்தாள், வீட்டில் பலமுறை பார்த்தது, அந்த மூலையில் ஒன்றுமில்லை, ஒரு வேப்பங்கன்று மட்டும் வட்டமாக வரைந்திருந்தது. இன்றைக்குக் கொண்டுவந்தது வேறு தாளா? கண்ணாடி வழியே திரும்பித் தெரிந்த படத்தில் அது இருந்ததா? இருந்திருக்கும், அவள் எழுத்துகளைத் திருப்பிப் படிப்பதில் மும்முரமாக இருந்துவிட்டாள். படி. அது படி. படி இருந்தால் மேலே ஒன்று வரும். முதலில் தகரக் கூரை என்பார்கள். அப்புறம் ஒரே ஒரு அறை, ஆதிரை லீவுக்கு வந்தால் தங்க. அப்புறம் மறுபடியும் குதிகால், தேய்ப்பு, கொக்கி, சிரிப்பு, ஏதோ ஒரு சுவரில் ஏதோ ஒரு நிறம். கூப்பிட்டாள். என்னங்க. பாதிக் கண்ணாடி வழியாகப் போன குரல் காற்றோடு வேறு பக்கம் போனது. இன்னொரு முறை. யாரும் திரும்பவில்லை. அவள் இடது பக்கம் கதவைப் பிடித்துக்கொண்டு, வலது பக்கமாக மொத்த உடம்பையும் சாய்த்து, ஸ்டியரிங்கின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். ஹாரன் அந்த வெட்டவெளியில் அபாரமாகக் கேட்டது. அழுத்திய கையை எடுக்கவில்லை. கொக்குகள் எழுந்தன. எல்லாரும் திரும்பினார்கள்.

தனசேகர் ஓடி வந்தார். முகம் வெளிறியிருந்தது, அதைப் பார்த்ததும் அவளுக்குச் சற்று வெட்கமாகவும் சற்றுத் திருப்தியாகவும் இருந்தது. என்ன ஆச்சு, தண்ணி வேணுமா, பாத்ரூம் போகணுமா என்றார். இந்த இரண்டைத் தவிர இவளுக்கு வேறு எதற்கும் ஹாரன் அடிக்கத் தெரியாது.

"அது என்ன?" என்று கை காட்டினாள்.

எது என்று அவர் திரும்பிப் பார்த்தார். தெரியாத மாதிரி பார்க்க முயன்று, அவருக்கு அது வரவில்லை. வெளிப் படிதான் என்றார். மொட்டை மாடிக்கு. முபாரக்தான் சொன்னார், இரும்பு ஏணி மழையில் துருப்பிடிக்கும், தொட்டி கழுவ வருகிற ஆள் வழுக்கி விழுந்தால் நம் தலையில், சோலார் போட்டால் அடிக்கடி ஏறித் துடைக்க வேண்டும், வத்தல் வடகம் காயப்போட, நாளைக்கே வீட்டை விற்க வேண்டி வந்தால் படியில்லாத வீட்டை எவன் வாங்குவான். இவ்வளவு காரணத்தை ஒருவர் வரிசையாகச் சொல்கிறபோதே அதில் எதுவும் காரணமில்லை என்று தெரிந்துவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு பதில் சொன்னாள். வடகத்தை முற்றத்தில் காயவைக்கலாம். துருப்பிடித்தால் பெயின்ட் அடிக்கலாம். கட்டுவதற்கு முன்னாலேயே விற்கிறதைப் பற்றிப் பேசுவானேன்.

"இந்த வீட்டுல யாரும் மேல போகக் கூடாது" என்றாள் கடைசியில். சொன்ன பிறகுதான் அது அவள் காதிலும் விழுந்தது. ஹாஸ்டல் வார்டன் மாதிரி. எல்லாரையும் தன் கண் மட்டத்தில் கட்டிப்போட நினைக்கிற ஒரு பெண்பிள்ளை. அப்படித்தான் ஆகிவிட்டேனா? ஆகிவிட்டால்தான் என்ன?

தனசேகர் கண்ணாடியின் விளிம்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். விரல் நுனியில் சுண்ணாம்பு. காதோரத்து நரையில் வியர்வை வழிந்தது. அவர் உள்ளே பார்க்கவில்லை, காரின் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் போகணும் வசு."

"எதுக்கு?"

"சும்மாதான். சாயங்காலம் கொஞ்ச நேரம். மேல போய் நின்னா நீ கூப்பிடறது கேக்காது."

சொல்லிவிட்டு அவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முயலவில்லை. தப்பா எடுத்துக்காதே என்று சொல்லவில்லை. வசுமதிக்கு முதலில் வந்தது கோபமில்லை, ஒரு கணக்கு நேரான மாதிரி ஒரு விளக்கம். வாடகை வீட்டில் சாயங்காலம் மொட்டை மாடியில் அந்தக் குதிகால் நடக்கும். அவள் கீழேயிருந்து என்னங்க என்பாள். நடை நிற்கும். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் இருக்காது. அப்புறம்தான் படியில் இறங்குகிற சத்தம். காது மந்தமாகிவிட்டது அவருக்கு என்று டாக்டரிடம்கூடச் சொன்னாள், டாக்டர் காதில் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்றார். கேட்டிருக்கிறது. கேட்டு நின்றிருக்கிறார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. இப்போது கோபம் வந்தது, நன்றாகவே வந்தது. நான் என்ன விளையாட்டுக்கா கூப்பிட்டேன், கையிலிருந்து விழுந்த பேனாவை எடுக்க, எரியவிட்ட அடுப்பை அணைக்க, அதுவும் இல்லையென்றால் ஏதோ ஒன்றுக்கு, ஆமாம், சில நாள் ஒன்றுமில்லாததற்கும். நடை நிற்கிறதா என்று பார்க்க. அந்தக் கோபம் பாதியில் போய் ஒரு இடத்தில் இடறியது. இவருக்கு ஏறிப்போய் நிற்க ஒரு மாடி இருக்கிறது. எனக்கு? இத்தனை வருஷத்தில் யாருடைய குரலும் எட்டாத இடத்தில், யாரும் சட்டென்று உள்ளே வந்துவிட முடியாத இடத்தில் ஒரு கால்மணி நேரம் நான் இருந்திருக்கிறேனா? இந்த வீட்டை எத்தனை தடவை வரைந்து அழித்தார்கள். சக்கரம் திரும்ப இடம், கை பிடிக்க இடம், முழங்கால் நுழைய இடம். தனியாக இருக்க ஒரு இடம் என்று யாரும் கேட்கவில்லை. நானே கேட்கவில்லையே.

அப்போது மனையின் நடுவிலிருந்து முபாரக் குரல் கொடுத்தார். சார், மேடம் பாத்ரூம் கதவு வெளிப்பக்கமா தொறக்கறதா, பக்கவாட்டுல இழுக்கறதா, இப்பவே சொன்னா சுவரை முடிச்சுடுவேன். தனசேகர் கண்ணாடியிலிருந்து கையை எடுக்காமல் தலையை மட்டும் திருப்பி, இழுக்கறதே இருக்கட்டும், உள்ள தாழ்ப்பாள் வேணாம் என்று சத்தமாகச் சொன்னார். பழக்கம். வாடகை வீட்டிலும் அவள் குளியலறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, முதல் வாரமே கழற்றிவிட்டார்கள். அவர் வருவார், ஆதிரை வருவாள், வேலைக்கு வருகிற அம்மா வருவாள். ஷாம்பூ எடுக்க, பவுடர் டப்பாவைத் தேட, முடிஞ்சுதா என்று கேட்க. கேட்பதும் திறப்பதும் ஒன்றாகவே நடக்கும். கதவு திறந்த காற்று முதுகில் படுவதை அவள் கவனிப்பதையே விட்டுவிட்டாள்.

"வேணும்" என்றாள் வசுமதி.

"என்னது?"

"தாழ்ப்பாள். உள்பக்கம்."

அவர் பதறினார். உள்ளே விழுந்து கிடந்தால் யார் வந்து தூக்குவது, கதவை உடைத்துக்கொண்டு வர வேண்டும், அதற்குள் என்ன ஆகுமோ, டாக்டரே சொல்லியிருக்கிறார். எல்லாம் நியாயமாகவே இருந்தது.

"விழுந்தா கூப்பிடறேன். நீங்க கீழ இருந்தா கேக்கும், மேல இருந்தா கேக்காது. அது என் பாடு. உங்களுக்குப் படி வேணும்னா எனக்குத் தாழ்ப்பாள் வேணும்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். வெகுநாள் கழித்துப் பார்ப்பவர் போல இருந்தது. எரிச்சலாகத்தான் பார்த்தார், அவருக்கும் எரிச்சல் வரத் தெரியும் என்பதே அவளுக்கு ஒரு மாதிரி ஆறுதலாக இருந்தது. நல்லவராகவே இருந்து இருந்து அந்த முகத்துக்கு அலுத்திருக்க வேண்டும். முபாரக் அருகே வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, உள்ளே தாழிட்டாலும் ஆபத்துக்கு வெளியிலிருந்து ஒரு காசை வைத்துத் திருப்பித் திறக்கிற தாழ்ப்பாள் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கெல்லாம் அதைத்தான் போடுகிறோம் என்றார். தனசேகர் நிம்மதியாக மூச்சு விட்டார். வசுமதி, அது இருக்கட்டும், ஆனால் கேட்டுவிட்டுத்தான் திருப்ப வேண்டும், பதில் வராவிட்டால் மட்டும் என்றாள். முபாரக் தலையாட்டினார், என்னவோ அதையும் கதவோடு சேர்த்துச் செய்து கொடுக்கப் போகிறவர் மாதிரி. அப்புறம் அவள், என்னை இறக்குங்கள், நான் பார்க்க வேண்டும் என்றாள்.

இறக்குவது சுலபமாக இல்லை. நாற்காலியின் முன்சக்கரங்கள் இரண்டும் மண்ணில் புதைந்தன. தனசேகர் தள்ள, முபாரக் தூக்க, வேண்டாம் வேண்டாம் பின்பக்கமாகத் திருப்பி இழுங்கள் என்று வசுமதி கத்த, ராஜாத்தி அங்கிருந்தே முருகா முருகா என்றாள். கடைசியில் ஆட்கள் பலகைகளைக் கொண்டுவந்து ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டார்கள். வாசலுக்கென்று விட்டிருந்த இடைவெளி வழியாகவே போக வேண்டும் என்று ராஜாத்தி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், கோட்டைத் தாண்டி வந்தால் சுவரைத் தாண்டி வந்த மாதிரி. அப்படியே போனார்கள். ஹாலில் நின்று பார்த்தாள், பெரிதாகத்தான் இருந்தது. ஆதிரையின் அறை வாசலில் ஒரு கணம் நின்றாள். அவளும் கதவைச் சாத்திக்கொள்வாள், படிப்பு முடிந்ததும் வேலை என்று எங்காவது போய்விடுவாள், எந்தச் சுவருக்கு எந்த நிறம் அடித்தாலும் அப்போதும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். கேட்டுக்கொள்வோம், என்ன இப்போது. தென்மேற்கு மூலையில் பல் பல்லாகக் கிடந்த கோடுகளைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கக் கழுத்தை ஒரு பக்கமாகவே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது, வலித்தது. ஒத்துக்கொண்டாளே தவிர பிடித்துப்போய்விடவில்லை.

குளியலறைக்கு வந்ததும் பலகைகளை நெருக்கமாகப் போடச் சொல்லி, சக்கரங்களைத் தானே பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பாதித் திருப்பத்தில் பின்சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தேய்த்து அழித்துவிட்டது. இன்னும் அரையடி தள்ளணும் என்றாள். படுக்கையறை குறையுமே மேடம் என்றார் முபாரக். குறையட்டும், கட்டிலில் நான் வட்டம் போடப் போவதில்லை என்றாள். ஆள் வந்து கயிற்றை நகர்த்திக் கட்டிப் புதிதாகப் பொடி கொட்டினான். மறுபடி திரும்பினாள், இந்த முறை எதுவும் அழியவில்லை. நீங்க போங்க, போர் போடற இடத்தைப் பார்க்கணும்னீங்களே, நான் இங்க இருக்கேன் என்றாள். போனார்கள். அவர்கள் காலடி காய்ந்த மண்ணில் நொறுங்கிக்கொண்டே தூரமாகப் போயிற்று. வெயில் நேராக உச்சியில் இறங்கியது. கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கினாள். ஜன்னல் வர வேண்டிய பக்கமாகப் பார்த்தபடி உட்கார்ந்தாள். தூரத்தில் சாலையில் ஒரு பஸ் போனது. ஒன்றும் யோசிக்க வேண்டியதில்லை என்று யோசித்தாள், அதுவும் யோசனைதான் என்று எரிச்சல்பட்டாள், பிறகு அதையும் விட்டுவிட்டாள். கழுத்தின் பின்னால் வியர்வை ஓர் இழையாக இறங்கி ரவிக்கைக்குள் போனது. அதன் பின்னாலேயே மனம் கொஞ்ச தூரம் போய், எங்கேயும் போகாமல் நின்றது.

மண் நொறுங்குகிற சத்தம் திரும்பி வந்தது. குதிகால் அழுந்துகிற நடை. கதவு வர வேண்டிய இடைவெளி வரை வந்து அது நின்றது. வசுமதி திரும்பிப் பார்க்கவில்லை.

"வரலாமா?" என்றார் தனசேகர்.

கேலியாகக் கேட்கிறாரா, உண்மையாகக் கேட்கிறாரா என்று குரலில் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

"இருங்க" என்றாள்.

அவர் இருந்தார். நாலாபுறமும் வெட்டவெளி. எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு எட்டு வைத்தால் உள்ளே வந்துவிடலாம். அவர் அந்த இடைவெளியிலேயே, கோட்டுக்கு வெளியே, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றுகொண்டு, கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டார். அவளுக்கு உள்ளே ஒரு வேலையும் இல்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். செருப்பில் எறும்பு இருக்கிறதா என்று பார்த்தாள். இன்னும் கொஞ்சம் இருந்தாள். ராஜாத்தி அந்தப் பக்கமிருந்து, நல்ல நேரம் முடியப் போகுது, அவளைக் கூட்டிட்டு வாடா, அங்க என்ன நின்னுக்கிட்டு என்று கத்தினாள்.

"உள்ள இருக்காக்கா" என்றார் தனசேகர். "வருவா."